நாற்பத்து மூன்று கன்றுகள்

ஜனவரி 9

குளியலறைக் குழாய் மூன்றாவது நாளாகச் சொட்டுகிறது. குழாய்க்காரர் "இதோ கிளம்பிட்டேன்க்கா" என்றார். எந்த ஊரிலிருந்து கிளம்பினாரோ.

வனத்துறை அலுவலகத்தில் மேடம் மலைச்சரிவுக் கோப்பு ஒன்றை என் மேசையில் வைத்தார். "மூணாவது வருஷக் கணக்கெடுப்பு. போன ரெண்டு தடவையும் நீங்கதானே எண்ணினீங்க? இதையும் நீங்களே முடிச்சுடுங்க." சரி என்றேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆறு வருஷப் பழக்கம்.

மேடம் போன வருஷம்தான் மாற்றலாகி வந்தார். பதிவேட்டில் எனக்கு அப்பாவின் இனிஷியல். அந்த மலைச்சரிவு இடிந்து விழுந்ததில் செத்தவர் என் வீட்டுக்காரர் என்று கோப்பில் எங்கேயும் இல்லை. மரத்தை வெட்டிச் சரிவை மொட்டையடித்த ஒப்பந்தக்காரனே அங்கே பழையபடி காட்டு மரம் நட்டு வளர்க்க வேண்டும் என்று கோர்ட் சொன்ன அன்று, பின் பெஞ்சில் நானும் உட்கார்ந்திருந்தேன் என்பதும் இல்லை.

ஆயிரத்து இருநூறு கன்று. மூன்றாம் வருஷ முடிவில் நூற்றுக்கு எண்பது உயிரோடிருக்க வேண்டும். அதாவது தொள்ளாயிரத்து அறுபது. இருந்தால் அவனுக்கு விடுதலை. இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் அங்கேயே காவல் கொட்டகையில் தங்கி, தினம் நோட்டில் கையெழுத்துப் போட்டு, தண்ணீர் ஊற்ற வேண்டும். வேறு ஒப்பந்தம் எதுவும் எடுக்கக் கூடாது.

முதல் வருஷம் ஐந்நூற்று எண்பத்தெட்டு. பாதிக் குழியில் தைல மரத்தை வைத்து ஏமாற்றியிருந்தான். அத்தனையும் பிடுங்க வைத்தேன். இரண்டாம் வருஷம் எண்ணூற்று எழுபத்தொன்று. இரண்டு தடவையும் நேர்மையாகத்தான் எண்ணினேன். அவனை அடிக்க நேர்மையே போதுமானதாக இருந்தது.

ஜனவரி 12

அவனுக்கு ஊரில் 'கோடாலி' என்று பெயர். நேரில் நான் 'நீங்க' என்பேன். இந்த நோட்டில் அவன் அவன்தான்.

பட்டுப்போன மரம் அறுபதை மட்டும் எடுக்கத்தான் அனுமதி. வெட்டியது ஆயிரத்து இருநூறு. அடுத்த மழைக்கே பட்டறைக்குள் சேறு வந்தது. சரிவுக்கு நேர் கீழேதான் என் வீட்டுக்காரர் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். மேலே ஏறிப்போய்க் கேட்டிருக்கிறார். கோடாலி சொன்ன பதிலை வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னார்: "மழைன்னா சேறு வரத்தான் செய்யும். கடையை வேற இடத்துக்கு மாத்திக்கோங்கன்னுட்டான்."

வெட்டிய மரங்களின் வேர் மக்க இரண்டு வருஷம் ஆகிறது. அதுவரை மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும், செத்த கை பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. அப்புறம் விட்டுவிடும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பிறகு படித்தேன். ஒரு வருஷப் பயிற்சி வகுப்புக்குப் போனேன். இந்த வேலைக்கு மரம் பிடித்தா வந்தேன்? அவனுக்காக வந்தேன்.

சரிவு விழுந்த அன்று பிற்பகல் மூன்று மணி. நான் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். லாரி போகிற சத்தம் என்று நினைத்தேன்.

பிப்ரவரி 3

எண்ண ஆரம்பித்தோம். என்னோடு வருகிறவருக்கு அலுவலகத்தில் 'டேப்' என்று பெயர். நாடாவைப் பிடித்துக்கொண்டே பேசுவார், பேசிக்கொண்டே பிடிப்பார், இரண்டில் ஒன்று எப்போதும் நழுவும். அவர் கன்றின் உயரத்தை அளந்து குழி எண்ணைக் கூவ, நான் படிவத்தில் குறிக்க வேண்டும்.

கோடாலி கூடவே வந்தான். இளைத்திருக்கிறான். உள்ளங்கை காய்த்துப் பாளம் பாளமாக இருக்கிறது. "நூத்திப் பதினாலுல முள்ளம்பன்றி வேரைத் தோண்டிருச்சு. நூத்தி இருபது நாவல், அது நல்லா இருக்கும் பாருங்க." பார்க்காமலே சொல்கிறான். பார்த்தேன், நல்லாத்தான் இருந்தது.

சொம்பில் தண்ணீர் நீட்டினான். என் பாட்டிலில் இருந்ததைக் குடித்தேன். டேப் இரண்டு சொம்பு குடித்தார். "என்ன ருசி! ஊற்றுத் தண்ணியா?" "ஆமா சார், போன வருஷம்தான் திரும்ப ஊற ஆரம்பிச்சுது."

முள்ளம்பன்றி தோண்டிய குழிகளைக் குறிக்கும்போது மட்டும் எனக்குக் கை சுறுசுறுப்பாக ஓடியது. மரம் சாகிறதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஒரு வனத்துறைக்காரி. நல்லா இருக்குது லட்சணம்.

பிப்ரவரி 4

எழுநூறு வரை முடிந்தது. உயிரோடிருப்பதுதான் அதிகம். வயிறு எரிகிறது.

பிப்ரவரி 6

தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு.

டேப் கூட்டிப் பார்க்கக்கூட இல்லை. "பாஸ் ஆயிருப்பாரு போலிருக்கே மேடம்!" என்று அவனுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார். அவன் கொட்டகைக்குள் போனான். கயிற்றில் காய்ந்த சட்டையை எடுத்து மடிக்கிறான். மடிக்கிறான்! ஊருக்குப் போக!

மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றினால் முடிந்ததா? பேரன் பேத்தியைத் தூக்கிக் கொஞ்சப் போய்விடுவானா? நான் எங்கே போவேன்? எனக்கு எந்தக் கோர்ட் எந்தத் தேதியில் முடிகிறது என்று சொல்லியிருக்கிறது?

பிப்ரவரி 7

செய்துவிட்டேன்.

சரிவில் குறித்த தாளைப் பார்த்து நல்ல படிவத்தில் பேனாவால் எழுதுவது என் வேலை மட்டும்தான். டேப் கையெழுத்தை முதலிலேயே போட்டு வைத்துவிட்டுப் போவார். பதினாலாவது வரிசையிலிருந்து பதினேழாவது வரை, உயிரோடிருந்த நாற்பத்து மூன்று கன்றுகளை 'பட்டது' என்று எழுதினேன். இருபத்தொன்பது போதும் அவனைத் தோற்கடிக்க. ஆனால் நாற்பத்து மூன்று. என் வீட்டுக்காரருக்குச் சாகும்போது அதுதான் வயசு.

மொத்தம் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து.  

பிப்ரவரி 8

நன்றாகத் தூங்கினேன். அதை ஏன் மறைக்க வேண்டும்?

பிப்ரவரி 20

உத்தரவைத் தபாலில் அனுப்பலாம். நானே கொண்டுபோனேன்.

அவன் மகன் வேனோடு வந்திருந்தான். பெட்டி, பாய், ஸ்டவ் எல்லாம் ஏற்றி முடித்திருந்தார்கள். கோடாலி வாசித்தான். பின்னால் இணைத்திருந்த குழிப் பட்டியலையும் புரட்டினான். "இன்னும் ஒரு வருஷமா?" என்றான். அவ்வளவுதான். மகன்தான் குதித்தான். "எப்படி சார்... எப்படி மேடம்? அப்பா எண்பதுக்கு மேலன்னு சொன்னாரே!"

"விதி என்னவோ அதுதான் தம்பி. எண்ணினது எண்ணினதுதான்" என்றேன்.

பாயை வேனிலிருந்து கோடாலியே இறக்கினான். இறக்குவதைக் கடைசி வரை நின்று பார்த்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ரொம்ப நாளுக்கப்புறம் பசித்தது.

ஏப்ரல் 17

மகள் விடுதியிலிருந்து வந்திருக்கிறாள். சாப்பிடும்போது சரிவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன் — வெயிலில் அவன் குடம் குடமாகத் தூக்குகிறான், தோள் தோலுரிந்திருக்கிறது, டேப் சொன்னார்.

அவள் தட்டை நகர்த்தினாள். "அம்மா, ஒண்ணு சொல்லவா? நீ அப்பாவைப் பத்திப் பேசி நான் கேட்டு ஒரு வருஷம் இருக்கும். எப்பப் பாரு அந்த ஆளு என்ன சாப்பிட்டான், எப்படித் தூங்கினான். நீ அவனோடதான்மா குடும்பம் நடத்துற."

கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அவள் எழுந்துபோய்ப் பாத்திரத்தைக் கழுவினாள், எனக்கும் சேர்த்து.

ஏப்ரல் 18

அவருக்கு எந்தக் கையில் தீக்காயத் தழும்பு? வலதா, இடதா? அரை மணி நேரம் யோசித்தேன்.

வலது. புகைப்படத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

ஜூன் 22

அரையாண்டுப் பார்வைக்குப் போனேன். கோடாலி கீழே ஊற்றடியில் இருந்தான். நான் தனியாக மேலே ஏறினேன். எங்கே போகிறேன் என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது.

பதினாலாவது வரிசை. முதல் கன்றில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. பக்கத்துக் கன்றில் இல்லை. அடுத்ததில் இருந்தது. பதினைந்து, பதினாறு, பதினேழு... வேர்த்துக் கொட்ட எண்ணிக்கொண்டே போனேன்.

நாற்பத்து மூன்று.

பட்டியல்! நானேதான் கையில் கொடுத்தேன். பட்டுப்போன குழிகளின் எண்ணெல்லாம் அதில் இருக்கிறது. அவன் ஒவ்வொரு குழியாகப் போய்ப் பார்த்திருக்கிறான். என் பட்டியலில் நான் சாகடித்த நாற்பத்து மூன்றும் இங்கே என் தோள் உயரம் நிற்கிறது.

கீழே இறங்கினேன். "வெயில் ஜாஸ்தியா இருக்கும்மா, பார்த்துப் போங்க" என்றான். முகத்தில் ஒன்றுமே இல்லை.

ஜூலை 3

தபால் வரும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன். இன்றைக்கா?

ஜூலை 19

புகார் வரவில்லை. ஏன் வரவில்லை? ஒரு மனு போட்டால் என் வேலை போகும், அவன் வீட்டுக்குப் போவான். எதற்காகக் காத்திருக்கிறான்? நான் அவனைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேனே. பிடி யார் கையில்?

செப்டம்பர் 11

முடியவில்லை. விடுப்புப் போட்டுவிட்டு நானே போனேன்.

கன்றுகளின் மேல் ஏறியிருந்த கொடியை அறுத்துக்கொண்டிருந்தான். நேரே கேட்டேன். "அந்தத் துணியெல்லாம் எதுக்கு?"

அரிவாளைக் கீழே வைத்தான். "நீங்க செத்துப்போச்சுன்னு எழுதினதெல்லாம் எதுன்னு அடையாளம் தெரியணும்ல."

"புகார் கொடுக்க வேண்டியதுதானே?"

"கொடுக்கலை."

"ஏன்?"

கையைத் துடைத்துக்கொண்டான். "உங்களை எனக்கு முதல் வருஷமே தெரியும்மா. கோர்ட்ல பின் பெஞ்சுல உட்கார்ந்திருப்பீங்க. பட்டறைக்காரர் சம்சாரம்னு வக்கீல் சொன்னாரு. நீங்க தண்ணி வாங்கிக் குடிக்காதப்பவே புரிஞ்சுது. பட்டியலைப் பார்த்ததும் மகன் குதிச்சான், நான்தான் வேணாம்னுட்டேன். ஒரு வருஷம் எடுத்துக்கிட்டீங்க, எடுத்துக்குங்க. அந்தப் பாவத்துக்கு இது சரியாப் போச்சுன்னு வச்சுக்கலாம். எனக்கும் மனசு லேசாயிருச்சு."

லேசாயிருச்சாம்.

என்ன பேசினேன் என்று முழுதாக ஞாபகமில்லை. "என் புருஷன் உனக்கு ஒரு வருஷமாடா? குடம் தூக்கினா தீர்ந்துருமா? யாருடா உனக்குக் கழிச்சுக்கச் சொன்னது? நான் சொன்னேனா?" — நீ, வாடா போடா எல்லாம் வந்தது. அவன் தலை நிமிரவில்லை. மேலே ஏதோ பறவைக் கூட்டம் கலைந்து பறந்தது. முன்பு இங்கே கத்தினால் எதிரொலி வரும். இப்போது மரங்கள் சத்தத்தை வாங்கிக்கொண்டுவிடுகின்றன. அதற்கும் சேர்த்துக் கத்தினேன்.

செப்டம்பர் 12

நான் அவனைத் தண்டித்ததாக நினைத்தேன். அவனோ அதை வாங்கி மருந்தாகச் சாப்பிட்டுவிட்டான். மனசு லேசாக இருக்கிறதாம். அவனுக்கு அந்த லேசைக் கொடுத்தது யார்? நான். என் கையால், என் பேனாவால்.

நான் எழுதிய பொய் எனக்கு உதவவில்லை. அவனுக்கு உதவியிருக்கிறது.

செப்டம்பர் 14

அறுபது என்று அனுமதி வாங்கி ஆயிரத்து இருநூறு வெட்டினானே, அதற்கும் ஒரு படிவம் இருந்தது. அதில் 'வெட்டியது அறுபது' என்று எழுதி யாரோ ஓர் அலுவலர் கையெழுத்துப் போட்டிருந்தார். கோர்ட்டில் காட்டினார்கள். அந்தக் கையெழுத்தைப் பார்த்து நான் காறித் துப்பாத குறை. அந்த ஆளும் அன்றைக்கு நன்றாகத் தூங்கியிருப்பார்.

செப்டம்பர் 15

முடிவு பண்ணிவிட்டேன். அந்த ஒரு வருஷத்தை அவனுக்குத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். இரக்கப்பட்டு இல்லை. நல்லவளாகவும் இல்லை. என்னிடம் எதுவும் செலுத்தினதாக அவன் நினைக்கக் கூடாது. விடுதலைக் காகிதத்தோடு வெளியே போகட்டும், லேசில்லாமல் போகட்டும்.

செப்டம்பர் 18

மேடத்திடம் சொன்னேன். சரிவில் குறித்த பழைய தாளையும் நல்ல படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் முதலில் கூட்டல் பிழை என்றே நினைத்தார். "பரவாயில்லை, திருத்திடலாம்..."

"பிழை இல்லை மேடம். வேணும்னே எழுதினேன்."

பிறகு பட்டறை, என் வீட்டுக்காரர், கோர்ட், எல்லாம் சொன்னேன். மேடம் எழுந்து கதவைச் சாத்தினார். "முதல்லயே சொல்லியிருந்தா உங்களை அங்க அனுப்பியிருக்கவே மாட்டேனே."

"அதனாலதான் சொல்லலை."

இரண்டு தாளையும் மறுபடி எடுத்துப் பார்த்தார். அப்புறம், "நாம எழுதுற எண்ணை நம்பித்தான் கோர்ட்டு, நம்பித்தான் சரிவுக்குக் கீழ இருக்கிற நாப்பது வீடும். உங்களுக்குத் தெரியாததா?" என்றார். தெரிந்ததுதான். அதுதான் வலித்தது.

டேப்புக்கும் விசாரணைக் கடிதம். அதை நான் யோசிக்கவே இல்லை. நான் செய்ததற்கு அவரும் நிற்க வேண்டியிருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன். "படிக்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு மேடம்" என்று நாடாவைச் சுற்றிக்கொண்டே போனார். முதல் தடவையாக வேறெதுவும் பேசவில்லை.

அக்டோபர் 6

கணக்கெடுப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். இரண்டு வருஷம் சம்பள உயர்வு கிடையாது. விதைக் கிடங்கில் வேலை. இதைவிட மோசமாக எதிர்பார்த்தேன். டேப்பை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள்.

அக்டோபர் 15

விதைகளைச் சலித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல். கோடாலி. சலவைச் சட்டை, கையில் விடுதலைக் காகிதம்.

"நீங்களே போய்ச் சொல்லிட்டீங்களாமே."

"ஆமா."

"அப்ப... சரியாப் போகலையாம்மா?"

"போகலை."

"எப்பவாச்சும்?"

"தெரியாது. எதிர்பார்க்காதீங்க."

தலையாட்டினான். படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டான். இந்தத் தடவை எனக்குப் பசிக்கவில்லை, தூக்கமும் சுமாராகத்தான் வந்தது. ஆனால் 'எதிர்பார்க்காதீங்க' என்று மறுபடி 'நீங்க' போட்டுத்தான் சொல்லியிருக்கிறேன், கோபத்தில்கூட. எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

நவம்பர் 27

மூன்று நாளாக விடாத மழை. சரிவுக்குக் கீழே உள்ள வீடுகளைக் காலி பண்ணிப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள். சரிவு இடிந்த வருஷம் பெய்ததைவிட அதிகம் என்கிறார்கள்.

நவம்பர் 28

விடியும்போதே சரிவுக்குக் கீழே உள்ள ஓடைப் பாலத்துக்குப் போய்விட்டேன். ஊர் பாதி அங்கேதான் நின்றது. எல்லாரும் மேலேயே பார்த்துக்கொண்டு. ஓடைத் தண்ணீர் ஏறியது, பத்து மணிக்குப் பாலத்தின் வயிற்றைத் தொட்டது. ஆனால் தண்ணீர் தண்ணீராக வந்தது. சேறு இல்லை. கல் இல்லை.

மதியம் மழை விட்டது. சரிவு அப்படியே நின்றது. ஒரு பொம்பளை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், யாரென்றே தெரியாது. வீட்டுச் சாவியை முறுக்கிக்கொண்டே அழுதாள்.

எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்குத்தான் அப்போது ஆத்திரம் புதிதாக வந்தது. இன்றைக்குப் பிடித்து நின்ற மண், அன்றைக்கு மரத்தை வெட்டாமல் விட்டிருந்தால் அன்றைக்கும் பிடித்து நின்றிருக்கும். அவ்வளவுதானே? கையை வைக்காமல் இருந்திருந்தால் போதுமே. பாவி.

டிசம்பர் 2

நாற்பது வீட்டுக்காரர்களும் திரும்பிவிட்டார்கள்.

ஏப்ரல் 30

ரொம்ப நாளாக இந்த நோட்டைத் திறக்கவில்லை.

கிடங்குக்குப் புங்க விதை தேவைப்பட்டது. பழைய காட்டில் வெட்டுக்குத் தப்பிய பெரிய மரங்கள் சரிவின் மேல் விளிம்பில்தான் இருக்கின்றன. போக அனுமதி கேட்டேன், மேடம் ஒரு கணம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மகளுக்கு லீவு, அவளும் வந்தாள். டேப்பும் வந்தார். பேச்சு திரும்பிவிட்டது அவருக்கு. வழியெல்லாம் அவருடைய மருமகன் வாங்கிய ஸ்கூட்டர் கதைதான்.

விதை பொறுக்கிக்கொண்டே இறங்கி வரும்போது மகள் கூப்பிட்டாள். "அம்மா, இதுக்கு நம்பரே இல்ல!" வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில், குழியே இல்லாத இடத்தில், அரை முழ உயரத்தில் ஓர் அத்தி. தள்ளி இன்னொன்று. ஒரு பாறை மேல் மரநாயின் எச்சம், அது முழுக்க அத்தி விதை. ராத்திரியில் தின்றுவிட்டு வந்து நடக்கிற இடத்திலெல்லாம் விதைத்துவிட்டுப் போகிறது. யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

டேப் நாடாவை எடுத்தார். "எந்தக் கட்டத்துல எழுதுறது மேடம்? படிவத்துல இதுக்கு இடமே இல்லையே." எண்ணலாமே என்றேன் நான். மூன்று பேரும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து எண்ணினோம். மகளுக்குக் கன்று எது களை எது என்று தெரியவில்லை, ஒவ்வொன்றுக்கும் கூப்பிட்டாள். அப்பா மாதிரியே தப்பாகச் சொல்லிவிட்டு அடம் பிடித்தாள். வீட்டில் வெந்தயக்கீரை வளர்க்கிறேன் என்று அவர் இரண்டு மாதம் களைக்குத் தண்ணீர் ஊற்றிய கதையைச் சொன்னேன். அவள் கேட்டதே இல்லையாம். பாறையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

இருநூற்றுப் பதினாறு. அதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது, பாதிச் சரிவுதான் முடிந்தது. தாகம் எடுத்து ஊற்றில் கையால் அள்ளிக் குடித்தேன்.

இப்போது எழுத உட்கார்ந்து வழக்கம்போல 'அவன்' என்று ஆரம்பித்தேன். அப்போதுதான் தெரிந்தது. காலையிலிருந்து அவன் நினைப்பே வரவில்லை.